நிரம்பினால் நிற்கும் வண்டி

டேங்கில் கொஞ்சமாய் டீசல் இருந்தபோது முனகாமல் ஓடிய வண்டி, கழுத்து வரை நிரப்பியதும் நின்றுவிட்டது.

தலைகீழாக இருந்தாலாவது புரியும். எண்ணெய் தீர்ந்தால் வண்டி நிற்கும். எந்த வண்டிக்கும் அதுதான் வழக்கம். இதுவோ வயிறு நிறைந்ததும் படுத்துக்கொண்டது.

"சாப்பிட்டதும் தூக்கம் வர்ற ரகம் போல. உங்க வீட்டு வண்டின்னு சொல்லவே வேணாம்," என்றாள் மனைவி.

சொட்டு சிரிக்கவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றான். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. முன் சீட்டில், ஜன்னலோரமாக, மடியில் பையை வைத்துக்கொண்டு அக்கா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவனைக் கொன்றது.

சொட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவன் குழாய் வேலை செய்கிறவன். ஓர் இணைப்பை முறுக்கி முடித்தால் அதன் அடியில் ஒரு காகிதத் துண்டை விரித்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். காகிதத்தில் ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் மொத்தத்தையும் பிரித்து மறுபடி மாட்டுவான். வீட்டுக்காரர்கள் போதும் போதும் என்று கெஞ்சினாலும் விடமாட்டான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இந்தப் பிக்கப்பை அவனுக்குக் கொடுத்தவர் அத்தான். அக்காவும் அத்தானும் சலவைக்கூடம் நடத்துகிறார்கள். அவர்கள் பெரிய வேன் வாங்கியபோது, "மோட்டார் சைக்கிள்ல பைப்பைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள்தான் அலைவே" என்று சொல்லிச் சாவியை இவன் கையில் வைத்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஓடும். இவன் கைக்குத் திரும்பியதும் நிற்கும். வெறுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், சாப்பாட்டு மேசையில், அத்தனை பேர் காதிலும் விழ, "உதவாத வண்டியை என் தலையில கட்டிட்டார். குப்பையைக் கொட்ட மச்சான் வீடுதான் கிடைச்சுது அவருக்கு" என்றான். அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். மேசைக்குத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இப்போது அந்தப் பெரிய வேன் ஒரு லாரியில் மோதி நசுங்கிக் கிடக்கிறது. சலவைக்கூடம் பிழைப்பதே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளால்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, மூட்டை கட்டியாகிவிட்டது. கொண்டுபோகத்தான் வண்டி இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் மூட்டைகள் வரவில்லை என்றால் நாளையிலிருந்து வேறு ஆள் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அக்கா, இத்தனை நாள் கழித்து, நேற்றுக் காலையில் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவன் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போக வேண்டியதாயிற்று. கொடி ஒரு ஜன்னல் வழியே உள்ளே போய் மறு ஜன்னல் வழியே வெளியே வந்திருந்தது. பானெட்டுக்குள் பறவைக் கூடு. டயர்கள் மண்ணோடு மண்ணாகச் சப்பிக் கிடந்தன. அத்தான் வாரம் தவறாமல் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த வண்டி அது.

அக்கா அதைச் சுற்றி வந்தாள். "ஓடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓட வைத்துவிட்டான். கொடியை வெட்டி எறிந்து, டயர்களுக்குக் காற்றடித்து, புது பேட்டரி போட்டான். பழைய டீசல் வார்னிஷ் நாற்றம் அடித்தது. அதை வடித்துக் கொட்டினான். ஃபில்டரை மாற்றினான். எலி கடித்த ரப்பர் குழாய்களைக் கழற்றி எறிந்து புதுசு போட்டான். கேனில் கொஞ்சம் டீசல் வாங்கி வந்து ஊற்றி, நேற்று தெருவைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். அருமையாக ஓடியது. இன்று காலை மறுபடி வந்த அக்காவை ஏற்றிக்கொண்டு, நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று பெட்ரோல் பங்கில் நிறுத்தி வழிய வழிய நிரப்பினான். சலவைக்கூடம் ஊரின் மறுகோடியில். கால்வாசித் தூரம் வருவதற்குள் இது மூன்றாவது தடவை.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. வெறும் காற்றை உள்ளே இழுத்து நெருக்கு நெருக்கென்று நெருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான், பல மடங்கு. அந்தச் சூட்டில் டீசலைத் தூறலாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே, ஓடிக்கொண்டிருந்த டீசல் வண்டி திணறித் திணறி நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒன்றைத்தான்: டீசல் வந்து சேரவில்லை.

டேங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. எஞ்சின் முன்னால். நடுவில் ஒரு சின்ன பம்ப் உறிஞ்சித் தருகிறது. வழியில் குழாய் எங்காவது விட்டிருந்தால் டீசலுக்குப் பதில் காற்று வரும். முதல் தடவை நின்றபோதே சொட்டு அப்படித்தான் நினைத்தான். அவனுடைய சொந்தத் தொழிலாயிற்றே! இணைப்பு ஒன்றையும் விடாமல் முறுக்கினான். இரண்டாவது தடவை எல்லாவற்றுக்கும் வெள்ளை டேப் சுற்றினான். இரண்டு தடவையும் முதல் காரியமாக டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. மூடினான். சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

"என்ன குழாய்க்காரரே, வண்டிக்கும் டேப் சுத்தியாச்சா?" என்று எதிர்ப்பக்கத்து டயர் கடையிலிருந்து ஒரு குரல். சொட்டு நிமிர்ந்தான். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தார். போன வருடம் அவர் வீட்டுக் குளியலறைக்குக் குழாய் போட்டதே இவன்தான்.

"சும்மா, லேசா காத்து இழுக்குது."

கடைக்காரர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! இதுதானா அது? உங்க அத்தான் உங்க தலையில கட்டிட்டாருன்னு அன்னிக்கு என் வீட்டுல வேலை செஞ்சப்ப சொன்னீங்களே, அந்தக் குப்பை?"

சொட்டுக்குக் காது மடல் சுட்டது. கல்யாண வீட்டில் சொன்னதே பெரிய பிழை. அதை வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். எத்தனை வீடு என்று அவனுக்கே நினைவில்லை.

அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றக் கைப்பிடியைச் சுற்றினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. அதற்கு மேல் சுற்றாமல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கடையில யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே," என்றாள் மனைவி.

"யாருமில்லையேம்மா."

"கூப்பிடுறாங்க, போய்ப் பாருங்க."

அவர் ஒன்றும் புரியாமல் போனார். மனைவி பானெட் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "தெருத் தெருவா தண்டோரா போட்டுட்டு வந்திருக்கீங்க. இனிமே அண்ணி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"நீ கொஞ்சம் சும்மா இரு. இந்தக் குமிழை அமுக்கு."

பம்பின் தலையில் ஒரு குமிழ் உண்டு. கட்டைவிரலால் அமுக்கினால் டீசலை எஞ்சின் பக்கம் தள்ளும். விரலை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குமிழைத் தூக்கிவிடும்; தூக்கும்போதே டேங்கிலிருந்து அடுத்த மடக்கு டீசலை உறிஞ்சிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் பாட்டிலின் தலையை அமுக்குவோமே, அது மாதிரி.

அவள் அமுக்கினாள். விரலை எடுத்தாள். குமிழ் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, இது மேல வர மாட்டேங்குது."

"ஸ்பிரிங் போயிருக்கும்." அவன் குரலில் சுரத்தே இல்லை. ஸ்பிரிங்கும் போய்விட்டதென்றால் சாயங்காலமும் போயிற்று.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா இறங்கினாள். அந்தக் கடைக்காரர் கண்ணில் படும்படி உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை போலும். வண்டியின் பின்பக்கமாகப் போனாள். "டீசல் இருக்கான்னு நான் பாக்கறேன்," என்றாள். காலையிலிருந்து அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

மூடியைத் திருகினாள். புஸ்ஸ் என்று ஒரு சத்தம், யாரோ பெருமூச்சை உள்ளே இழுத்தது போல.

"ஐயோ!" என்று கத்தினாள் மனைவி. "எழுந்துச்சுங்க! தானா எழுந்துச்சு! நான் தொடவே இல்ல!"

குமிழ் மேலே வந்து நின்றிருந்தது. சொட்டு அதைப் பார்த்தான். பின்பக்கம் மூடியும் கையுமாக நின்ற அக்காவைப் பார்த்தான். இந்தத் தடவை மட்டும் மூடியைத் திறப்பதற்கு முன்பே குமிழை அமுக்கிவிட்டார்கள். முன்னிரண்டு தடவையும் அவன் மூடியைத்தான் முதலில் திறந்தான். அதனால்தான் இது அவன் கண்ணில் படவில்லை; அந்தப் புஸ்ஸும் சாலை இரைச்சலில் அமுங்கிப்போயிருக்கும்.

ஸ்பிரிங் போகவில்லை. டேங்குக்குள் எதுவோ டீசலை விடமாட்டேன் என்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூடி திறந்ததும் பிடி விட்டுப்போயிற்று.

டேங்கிலிருந்து ஒரு மடக்கு டீசல் வெளியே போனால், அது இருந்த இடம் காலியாகும். அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த மடக்கு நகராது. இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் விக்கி விக்கி வருகிறது என்று யார் கூப்பிட்டாலும், குழாயைப் பார்ப்பதற்கு முன்னால் மாடியேறி, மேல்தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பான். மூடிய தொட்டி தண்ணீர் தராதும்மா, அதுக்கும் மூச்சு விடணும் என்று வாய் வலிக்கச் சொல்லுவான்.

கிட்டே போய் மூடியை அக்கா கையிலிருந்து வாங்கினான். உட்பக்கம் திருப்பினான்.

நடுவில், காற்றுக்கான ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. வெடித்த குழாயை அடைப்பதற்குப் பிசைந்து வைப்பானே, காய்ந்ததும் கல்லாக இறுகுமே, அந்தப் பசை. ஓரமெல்லாம் வழித்து, ஒரு பிசிறு இல்லாமல், பீங்கான் போல வழவழவென்று. நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை. அவனுடையது.

வண்டி கைக்கு வந்த முதல் வாரம். டேங்க் நிரப்பிக்கொண்டு ஒரு வளைவில் திரும்பியபோது மூடியிலிருந்து டீசல் கசிந்து, பக்கவாட்டில் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை. துரு தின்ற ஓட்டை என்று நினைத்து அடைத்தான். அடைத்துவிட்டு, காகிதத் துண்டை அடியில் விரித்து, உட்கார்ந்து பார்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. பெருமையாக இருந்தது.

வண்டி நிற்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பட்டறைக்காரர் கையில் ஏன் ஓடியது என்பதும் இப்போது விளங்கியது. அவர் முதலில் மூடியைத் திறந்து பார்ப்பார். எல்லா மெக்கானிக்கும் அதைத்தான் செய்வார்கள். வண்டியில் ஒரு குறையும் இருந்ததில்லை. அத்தான் கொடுத்தது நல்ல வண்டி.

அக்கா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள், ரேகையைப் பார்த்தாள்.

"இவ்வளவு வழவழன்னு வேற யாரு பூசுவா," என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவன் நோட்டுக்கு அட்டை போட்டால் அக்கம்பக்கத்தில் காட்டிச் சொல்லுவாளே, அதே குரல். அறைந்திருந்தால்கூட அவனுக்கு அத்தனை வலித்திருக்காது.

"அக்கா..."

"ஊக்கு வேணுமா?" சலவைத் துணியில் அடையாளச் சீட்டு குத்துவதற்கு எப்போதும் அவள் பையில் ஊக்குகள் இருக்கும். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் பசையைப் பொடிப் பொடியாகப் பெயர்த்தான். இறுகிப்போயிருந்தது, அவன் வேலை ஆயிற்றே, லேசில் விடுமா? கடைசிப் பொருக்கை ஊக்கால் குத்தி எடுத்து, மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உதட்டில் வைத்து ஊதினான். காற்று மறுபக்கம் போனது.

மனைவி அவன் காதருகில் வந்தாள். "தூசி அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிடலாம். எந்த வண்டிக்கும் வர்றதுதானே."

அவள் கிசுகிசுத்தால் மூன்று வீடு கேட்கும். அக்கா திரும்பினாள். "நானும் அதைத்தான் நினைச்சேன். அவர் கேட்டா தூசின்னு நான் சொல்லிக்கறேன். நீ பேசாம வண்டியை எடு, நேரமாகுது."

"அவருக்குத் தெரியுமா அண்ணி, நீங்க இங்க வந்தது?" என்றாள் மனைவி.

"வாடகைக்கு வேன் பேசப் போறேன்னு சொன்னேன்."

மூவரும் ஏறினார்கள். எஞ்சின் கிளம்பியது. டயர் கடையைத் தாண்டினார்கள். பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றினான்.

"அது சரி, நேத்து மட்டும் எப்படி ஓடுச்சு? நேத்தும் அதே மூடிதானே?" என்றாள் மனைவி.

"ஊசி போடுற சிரிஞ்சை எடுத்துக்க. பாதி காத்து இருக்கும்போது வாயை விரலால அடைச்சுட்டு பின்னால இழுத்தா, கொஞ்ச தூரம் வரும். உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு குடுக்கும். காத்தே இல்லாம இழுத்துப் பாரு, அசையவே அசையாது. நேத்து டேங்குல டீசல் கொஞ்சம், காத்து நிறைய. சாயங்காலம் பூரா விரிஞ்சு குடுத்துச்சு. இன்னிக்குக் கழுத்து வரைக்கும் டீசல். விரியறதுக்குக் காத்து ஏது?" சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. எதுவும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு வரும் உற்சாகம் அது. பிறகு, அடைத்தவன் யார் என்பது நினைவுக்கு வந்து, பாதியில் குரல் இறங்கிவிட்டது.

பாலம் இறங்கியது. கடைத்தெரு போனது. நின்றிருக்க வேண்டிய தூரமெல்லாம் கடந்துபோயிற்று.

"நல்லா ஓடுது இல்ல?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"ஷ்ஷ். அதுக்குக் காது கேக்கும்," என்றாள் மனைவி. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று அவனால் பார்க்க முடியவில்லை.

சலவைக்கூடத்தின் இரும்புக் கதவு திறந்திருந்தது. வாசலில் வெள்ளை மூட்டைகள் வரிசையாக. அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருவையே பார்த்து நின்றிருந்தார். உள்ளே இஸ்திரி மேசைகளில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. அத்தான் அதைப் பார்த்தார். ஓட்டி வந்தவனைப் பார்க்கவில்லை.

"வேன் பேசப் போறேன்னு சொன்னே," என்றார் அக்காவிடம்.

"இதுதான் வேன்."

அவர் குனிந்து டயர்களைப் பார்த்தார். பிறகு, "எஞ்சினை நிறுத்த வேணாம்னு சொல்லு. மறுபடி எழுந்திருக்குமோ என்னவோ," என்றார், அதுவும் அக்காவிடம்தான். ஒரு முழம் தள்ளி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த மச்சானுக்கு அது நன்றாகவே கேட்டது.

மூட்டைகளை ஏற்றினார்கள். சொட்டு ஒரு முனையைப் பிடித்தால் அத்தான் மறு முனையைப் பிடிக்காமல் அடுத்த மூட்டைக்குப் போனார். மனைவிதான் ஓடி ஓடிப் பிடித்தாள். கடைசி மூட்டை ஏறியதும் அத்தான் முன்பக்கம் வந்தார். கொடி கீறிய தடங்கள் பானெட்டில் பச்சையாக இருந்தன. ஜுரம் பார்ப்பது போல அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சின் ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தது.

"இத்தனை நாள் என்ன கோளாறாம் இதுக்கு? கேட்டுச் சொல்லு," என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். "ஒண்ணுமில்லைங்க, டேங்க் மூடியில தூ..."

"அக்கா, இரு," என்றான் சொட்டு.

அவன் முன்னால் வந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் அது அவன் காதிலேயே விழவில்லை.

"கேக்கலைன்னு சொல்லு," என்றார் அத்தான்.

இஸ்திரி மேசைகளில் கைகள் நின்றன. வேறு வழியில்லை, உரக்கத்தான் சொல்ல வேண்டும். சொட்டு தலையை நிமிர்த்தி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"கோளாறே இல்ல, அத்தான்! டேங்க் மூடியில காத்து போறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு. டீசல் கசியுதுன்னு நான்தான் அதைப் பசை வெச்சு அடைச்சேன். காத்து உள்ள போகாததால டீசல் வெளிய வரல. நீங்க குடுத்தப்ப வண்டி நல்லாத்தான் இருந்துது. இப்ப அந்த ஓட்டையைத் திறந்துட்டேன். ஓடுது."